கோல் கீப்பருக்கு வந்த கடிதம்

அந்த ஆண்டு எங்கள் அணிக்குக் கோல் கீப்பர் கிடைத்தது ஒரு செங்கல் லோரியிலிருந்து.

எழுபதுகளின் பிற்பகுதி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கடைவரிசை எழும்பிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். கிள்ளான் செங்கல் காளவாயிலிருந்து வந்த லோரி கல் இறக்கிக்கொண்டிருந்தது. மேலே நின்றவன் இரண்டிரண்டு கற்களாகச் சேர்த்து வீசினான். கீழே நின்ற இளைஞன் அவற்றைப் பிடித்து அடுக்கினான். நான் நின்றதற்குக் காரணம் அவன் கல்லைப் பார்க்கவே இல்லை என்பதுதான். எதிர்ப்புறத்தில் நாசி லெமாக் விற்ற பெண்ணோடு சம்பல் உறைப்பு போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டே பிடித்தான். ஒரு ஜோடிக் கல் தவறி ஐந்தடி தள்ளிப் போனது. பேச்சை நிறுத்தாமல் பக்கவாட்டில் பாய்ந்து, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தான்.

"ஏம்ப்பா, விட்டிருந்தா என்ன? கல்லுதானே!" என்றேன்.

"உடைஞ்சா மொதலாளி தவுக்கே கத்துவான் அங்கிள். அவன் கத்துறத விட விழுறது பரவால்ல."

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. என்னை யாரும் அங்கிள் என்று அழைத்ததில்லை. இருந்தாலும் மன்னித்தேன். நான் எங்கள் வட்டாரக் கால்பந்து அணியின் செயலாளர். முந்தைய ஆண்டு லீக்கில் கடைசிக்கு முந்தின இடம். இருந்த கோல் கீப்பரும் கல்யாணம் செய்துகொண்டு ஈப்போவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அந்தச் செங்கல்காரனின் பெயரை, முகவரியை என் அலுவலகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பிழை இல்லையே என்று இரண்டு முறை சரிபார்த்தேன். காதல் கடிதத்தைக்கூட அப்படிச் சரிபார்த்ததில்லை.

எங்கள் அணியில் பாதிப் பேர் என்னைப் போல யாழ்ப்பாணத்து வம்சாவளிக் குமாஸ்தாக்கள். மீதிப் பேர் ரயில்வே குடியிருப்புப் பையன்கள். கேப்டன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வாய் பெரியது, மனம் அதைவிடப் பெரியது. மறுநாள் அவர் புதியவனைக் கோலில் நிறுத்திப் பத்துப் பந்து அடித்தார். எட்டைப் பிடித்தான்.

"கைக்கு வந்தா புடிக்கிற. தரையோட வந்தா?" என்றார் கேப்டன்.

"தரையோட வந்தா கால் வெரல் போயிருமேண்ணே. அதனால மொதல்ல அதத்தான் புடிப்பேன்."

"டேய், இது பந்துடா. கல்லு இல்ல."

"அது தெரிஞ்சதுலேர்ந்து ரொம்ப ஜாலியா இருக்குண்ணே."

அன்றே அவனுக்குச் 'செங்கல்' என்று பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் இயற்பெயர் என் படிவங்களில் மட்டுமே இருந்தது.

லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோல் அடித்தோம், எதிரணி அடிக்கவில்லை. இரண்டாவது ஆட்டமும் அப்படியே. மூன்றாவது ஆட்டத்திற்குள் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் எங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முடி திருத்துகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "சார், வர்ற வியாழக்கெழம யாரு கூட?" என்று கேட்டார். அதுவரை என்னை அவர் கேட்ட ஒரே கேள்வி பக்கத்தைக் குறைக்கவா என்பதுதான்.

வெளியூர் ஆட்டங்களுக்குச் செங்கல் வேலை செய்த லோரியே எங்களை ஏற்றிப் போனது. அவன் தவுக்கே பந்து வெறி பிடித்த சீனர். கல் இறக்கி முடித்த பிறகு லோரி சும்மாதானே நிற்கிறது என்று கொடுத்துவிடுவார். அதில் நாற்பது பேர் நெருக்கி நிற்போம். கிள்ளான் சாலையில் காற்று அடிக்க அடிக்க, தளத்தில் கிடந்த செங்கல் தூள் கிளம்பி எல்லாரையும் மூடும். வெள்ளைச் சட்டை போட்டுப் புறப்பட்ட குமாஸ்தாக்கள் திடலில் இறங்கும்போது செம்பழுப்பாக இறங்குவோம். "பிரிக்ஃபீல்ட்ஸ்காரன் வந்துட்டான், செவுத்தப் பெயர்த்துக்கிட்டே வந்துட்டான்" என்று எதிர் அணி ரசிகர்கள் கேலி செய்வார்கள். என் மனைவி சட்டையைத் துவைத்துத் துவைத்துச் சலித்துப் போனார். "நீங்கள் பந்து பார்க்கப் போறியளோ, சூளையில வேலைக்குப் போறியளோ?" என்பார்.

கிள்ளானில் நடந்த ஆட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். இரண்டாம் பாதியில் மழை கொட்டியது. திடல் குளமாயிற்று. பந்து உதைத்த இடத்திலேயே மிதந்தது. எங்கள் கோல் முன்னால் எட்டுப் பேர் தண்ணீரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பந்து எங்கே என்று நடுவருக்கே தெரியவில்லை. விசில் ஊதிவிட்டுத் தேடினார். செங்கல் எழுந்து நின்றான். சட்டைக்குள்ளிருந்து, பிள்ளை பெற்றவளைப் போல மெதுவாகப் பந்தை எடுத்து நடுவரிடம் நீட்டினான். எப்போது பிடித்தான், எப்படி உள்ளே போனது, ஒருவரும் பார்க்கவில்லை. கிள்ளான் ரசிகர்களே கைதட்டினார்கள். அவன் அவர்கள் ஊர்க்காரன் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரியவந்தது. எங்கள் பக்கம் வந்துவிட மாட்டாயா என்று வேலியோரம் நின்று கூப்பிட்டார்கள்.

அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர் துறைமுகத் தொழிலாளர் அணி ஒன்றின் மேலாளர். அவர் வேடிக்கைக்குக் கூப்பிடவில்லை. நிரந்தர வேலை, குடியிருப்பு, வேலை நேரத்தில் பயிற்சி எல்லாம் தருவதாகச் சொன்னார். எங்களைப் போல் கைக்காசு போட்டு ஆடுகிறவர்களுக்கு அது வேறு உலகம். ஒரே ஒரு நிபந்தனை. நீல அடையாள அட்டை வேண்டும்.

செங்கலிடம் இருந்தது சிவப்பு ஐசி. நீலம் குடிமக்களுக்கு. சிவப்பு, இந்நாட்டிலேயே இருக்கலாம், ஆனால் குடிமக்கள் இல்லை என்பவர்களுக்கு. அவன் கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பிறப்பைப் பதிய யாரும் டவுனுக்குப் போகவில்லை. சிவப்பு ஐசிக்காரன் வேலை பெர்மிட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட மறுத்தால் வேலை போச்சு. அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

"சார், நீங்க எழுதினா ஆபீஸ்ல படிப்பாங்க. நான் எழுதினா எனக்கே படிக்க வராது" என்று என்னிடம் வந்தான்.

அந்தக் குடியுரிமைப் படிவத்தை நான் உண்மையான அக்கறையோடுதான் நிரப்பினேன். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதிய பழைய கிராணி ஒருவரைத் தேடிப் பிடித்து, இவன் எங்கள் லயத்தில்தான் பிறந்தான் என்று சத்தியக் கடிதம் வாங்கினோம். செங்கலும் மனைவியும் காளவாய்க்குப் பக்கத்தில் கூலிகள் சேர்ந்து தங்கும் கொங்சி வீட்டில், பலகைத் தடுப்பு போட்ட ஓர் அறையில் இருந்தார்கள். கடிதம் அங்கே போய்ச் சேராது என்று என் வீட்டு முகவரியையே கொடுத்தேன். இனி நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், மலாயில் கேள்வி கேட்பார்கள், பதில் சொன்னால் போதும் என்றேன்.

"கேள்வியா? சார், பெனால்டின்னா சொல்லுங்க, நிக்கிறேன். கேள்விக்கு நிக்க முடியாது."

இதைக் கேட்ட கேப்டன்தான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார். பயிற்சியில் யார் கோலை நோக்கி அடித்தாலும், அடிக்கும்போதே மலாயில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பந்து கையில் விழுமுன் செங்கல் பதில் சொல்ல வேண்டும். பதில் தப்பானால் பந்தைப் பிடித்தாலும் கோல்தான்.

"பெராப்பா நெகெரி?" நாட்டில் எத்தனை மாநிலங்கள் என்று கத்திக்கொண்டே கேப்டன் அடிப்பார்.

"தீகா பெலாஸ்!" பதின்மூன்று என்று கத்திக்கொண்டே செங்கல் பாய்வான்.

இரண்டே வாரத்தில் அது ஊர் விளையாட்டாகிவிட்டது. மாலையில் கோலுக்குப் பின்னால் கூட்டம் நிற்கும். காப்பிக் கடைச் சீனர் கேள்வி கேட்பார். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் பாடப் புத்தகத்தோடு வந்து கேட்பார்கள். எங்கள் பகுதித் தபால்காரர் நடுவயது மலாய்க்காரர். மாமா என்ற அர்த்தத்தில் எல்லாரும் பாக்சிக் என்று அழைப்போம். அவர்தான் உச்சரிப்புக்கு நடுவர். பையை மடியில் வைத்துப் புல்லில் உட்கார்ந்து, பதில் சரியாக இருந்தாலும் ஒலி சரியில்லை என்றால் கையை ஆட்டி, "லாகி சக்காலி" என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். செங்கல் எழுந்து, சேற்றைத் துடைத்து, இன்னொரு தடவை சொல்வான். ருக்குன் நெகாரா என்ற நாட்டுக் கோட்பாடுகள் ஐந்தையும் அவன் கற்றுக்கொண்டது ஐந்து கார்னர் கிக்குகளில்.

"டேய் செங்கல், எனக்கு நீல ஐசி இருக்கு. ஆனா எனக்கே அஞ்சாவது தெரியாதுடா" என்றார் கேப்டன்.

"அப்ப உங்க ஐசிய எனக்குக் குடுத்துருங்கண்ணே. ரெண்டு கோல் விட்டுத் தாறேன்."

லீக் முடிய ஒரே ஆட்டம் மீதம் இருந்தது. சாலாக் செலாத்தான் அணி எங்களைவிட ஒரு புள்ளி முன்னால் நின்றது. கடைசி ஆட்டம் அவர்களோடுதான். வென்றால் கோப்பை எங்களுக்கு. டிரா ஆனாலும் அவர்களுக்கு. வியாழக்கிழமை, மாலை நாலே முக்கால். பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த ஒருவரும் அந்த இரண்டு வாரம் வேறு எதையும் பேசவில்லை. அலுவலகத்தில் நான் கூட்டிய கணக்குகளில் எத்தனை பிழைகள் இருந்தன என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆட்டத்துக்கு ஒன்பது நாள் முன்னால் பாக்சிக் சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். நீளமான பழுப்பு உறை. அரசாங்க முத்திரை. மேலே செங்கலின் இயற்பெயர். அவர் முகத்தில் அவருக்கே கடிதம் வந்தது போலச் சிரிப்பு.

நான் உறையைப் பிரித்தேன். பிறருக்கு வந்த கடிதம்தான். ஆனால் அவன் எல்லாவற்றையும் என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தான். நேர்முகம் கிள்ளானில். அடுத்த வியாழக்கிழமை. பிற்பகல் இரண்டு மணி.

முதலில் தோன்றியது சந்தோஷம். அதை மறுக்க மாட்டேன். அடுத்த மூச்சில் நாலே முக்கால் நினைவுக்கு வந்தது. அரசாங்க அலுவலகத்தில் இரண்டு மணி என்றால் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று அரசாங்கக் குமாஸ்தாவான எனக்குத் தெரியாதா? கிள்ளானிலிருந்து பஸ் வர வேண்டும். மழை பெய்தால் சாலை அடைபடும். வந்தாலும், கேள்விகளுக்கு நின்று களைத்துப்போய் வருவான். எங்களுக்கு மாற்று கோல் கீப்பராக இருந்தவர் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா. மழை வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். பிறகு பந்தும் தெரியாது, கோலும் தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. நீல ஐசி வந்தால் அவன் துறைமுகத்து அணிக்குப் போய்விடுவான். இதை நான் அப்போது வார்த்தைகளில் நினைக்கவில்லை. ஆனால் நினைத்தேன்.

வாசலில் பாக்சிக் காத்துக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கண்ணாலேயே கேட்டார். நல்ல செய்திதான், ஆனால் ஆட்டம் முடியும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள், கோப்பையோடு சேர்த்து அவனுக்குக் கொடுப்போம் என்று மலாயில் சொன்னேன். அந்த நல்ல மனிதர் உதட்டின் மேல் விரலை வைத்து, கண்ணைச் சிமிட்டி, சைக்கிளில் ஏறிப் போனார்.

அடுத்த நாள் அலுவலகத் தட்டச்சில், என் நல்ல மலாயில், விண்ணப்பதாரர் உடல்நலம் குன்றியிருப்பதால் வேறு தேதி தரும்படி ஒரு கடிதம் அடித்தேன். அவன் கையெழுத்தை நானே போட்டேன். படிவத்தில் அவன் போட்டிருந்தது தமிழில் மூன்று எழுத்து. எளிதாக வந்தது. எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சரியான வாசகத்தில், சரியான ஓரம் விட்டு, சரியான எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிவிட்டால் காரியம் நடந்துவிட்டதாகவே அர்த்தம். ஒரு நாளைக் கடிதத்தால் தள்ளி வைக்க முடியும் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

மூன்று நாள் கழித்து என் மனைவி கேட்டார். "அந்தப் பெடியன்ர கடிதம் வந்ததெல்லே? குடுத்திட்டியளோ?"

"ஓம்" என்றேன்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே நல்ல வெயில். எல்லாரும் விடுப்பு எடுத்திருந்தோம். கேப்டன் கட்டளைப்படி நண்பகலுக்கு ஒட்டுக்கடையில் கூடிச் சேர்ந்து சாப்பிட்டோம். வென்ற ஆட்டங்களுக்கு முன்னால் என்ன சாப்பிட்டோமோ அதேதான். சோறு, மீன் குழம்பு, ஒரு கிளாஸ் மோர். கேப்டன் துவைக்காத அதே காலுறையைப் போட்டிருந்தார். பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தே தாரிக் வந்தது. யாரோ ஒருவன் வெற்றிலைப்பாக்கு டின்னைத் தூக்கி எறிந்து, "இபு நெகாரா?" என்று தலைநகரத்தைக் கேட்டான். ஒரு கையில் கிளாஸோடு மறு கையால் டின்னைப் பிடித்து, "கோலாலம்பூர்!" என்றான் செங்கல். ஒரு சொட்டுத் தேநீர் சிந்தவில்லை. கடையே சிரித்தது.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி ஐந்து நிமிடம்.

கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே அவன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சார், டீ ஆறுது. டென்சனா?" என்றான் என்னைப் பார்த்து. "கவலப்படாதீங்க. இன்னிக்கு ஒன்னும் உள்ள போவாது."

திடலுக்குப் போனபோது ஐந்நூறு பேருக்கு மேல் இருந்திருப்பார்கள். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. சாலாக் செலாத்தான்காரர்கள் இரண்டு மேளத்தோடு வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் மேளம் இல்லை. காப்பிக் கடைச் சீனர் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கரண்டியால் அடித்தார்.

நான் பார்த்த ஆட்டங்களில் அதைப் போல் ஒன்று இல்லை. முதல் கால் மணி நேரம் பந்து எங்கள் பாதியை விட்டுப் போகவே இல்லை. செங்கல் ஒன்றைக் கம்பத்தின் மேல் தட்டினான். ஒன்றைக் காலடியில் போய்ப் படுத்து எடுத்தான். ஒன்றை எப்படித் தடுத்தான் என்று அடித்தவனே வந்து அவனிடம் கேட்டான். அவன் ஏதோ சொன்னான், இருவரும் சிரித்தார்கள், கேப்டன் இருவரையும் திட்டினார். இடைவேளைக்குச் சற்று முன்னால் எங்கள் கேப்டன் நடுத்திடலிலிருந்து ஒரு பந்தை, பட்டறையில் சுத்தியல் வீசுவது போல, கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். அவர்கள் கோல் கீப்பர் வெளியே வந்து நின்றிருந்தார். பந்து அவர் தலைக்கு மேல் போய், ஒரு முறை தரையில் எழும்பி, உள்ளே போயிற்று.

நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று தெரியாது. பிறகு பார்த்தால் முடி திருத்துகிறவர். என் கண்ணாடி எங்கோ விழுந்திருந்தது. பிஸ்கட் டின்னின் அடிப்பகுதி பிய்ந்துவிட்டது.

இரண்டாம் பாதி முழுவதும் நாங்கள் ஒன்பது பேரைக் கோலுக்கு முன்னால் நிறுத்தினோம். வெளியே உதை, வெளியே உதை என்று எனக்குத் தொண்டை போயிற்று. நடுவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த நேரத்தில், எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் பந்தைக் கையால் தட்டினார். தெரியாமல் பட்டது என்று இன்றும் சொல்வேன். பெனால்டி.

திடல் அடங்கியது. மேளமும் நின்றது. அவர்கள் முன்னணி ஆட்டக்காரர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார். செங்கல் கோட்டில் நின்று கைகளை விரித்தான். கோலுக்குப் பின்னால், வழக்கமான இடத்தில், பாக்சிக் எழுந்து நின்றிருந்தார். அந்தப் பக்கம் ஆட்டக்காரர் ஓடி வர, இந்தப் பக்கம் கேப்டன் தொண்டை கிழியக் கத்தினார்.

"பெராப்பா நெகெரி?"

"தீகா பெலாஸ்!"

பந்து புறப்படுமுன்பே அவன் பாய்ந்துவிட்டான். வலப்பக்கம், தாழ்வாக. பந்து அவன் மார்பில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு அவன் எழவே இல்லை. மேலே பதினைந்து பேர் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து மாநிலங்களின் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் குரல் மட்டும் கேட்டது.

நடுவர் விசில் ஊதினார். கோப்பை எங்களுக்கு. அழுதேன். என் அப்பா இறந்தபோதுகூட அப்படி அழவில்லை. அந்தக் கணத்தில் கடிதம் என் நினைவில் இல்லை. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முழுமையான, கலப்பில்லாத சந்தோஷம் அது.

லோரியின் மேல் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். அவன் அங்கிருந்து குனிந்து என் கையைப் பிடித்தான்.

"அடுத்தது இன்டர்வியூ சார். கப்பத் தூக்கின மாதிரி அதையும் தூக்கிருவோம். எப்ப சார் லெட்டர் வரும்?"

பாக்சிக் என் அருகில்தான் நின்றார். இப்போது கொடு என்பது போல என் தோளை மெல்ல இடித்தார். "வரும்" என்றேன் செங்கலிடம். பாக்சிக் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதன் பிறகு அவர் கடிதங்களை என் வாசல் பெட்டியில் போட்டுவிட்டு, மணியடிக்காமல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போய், கடிதம் தாமதமாக வந்தது, தேதி கடந்துவிட்டது, வேறு தேதி கேட்டு எழுதியிருக்கிறேன் என்று செங்கலிடம் சொன்னேன். "சரி சார், நீங்க இருக்கீங்கல்ல" என்றான். அவன் மனைவி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பதாரர் வராததால் விண்ணப்பம் முடிக்கப்பட்டது, புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று. புதிதாக விண்ணப்பித்தோம். இந்த முறை சாட்சி நேரில் வர வேண்டும் என்றார்கள். கிராணி அதற்குள் ஓய்வு பெற்றுத் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார். தோட்டத்தின் பழைய பெயரேடுகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. துறைமுகத்து மேலாளர் ஓராண்டு காத்திருந்தார். பிறகு வேறு கோல் கீப்பரை எடுத்துக்கொண்டார். செங்கல் எங்களுக்கு இன்னும் மூன்று பருவங்கள் ஆடினான். கோப்பை மறுபடி வரவில்லை. பிறகு ஆட்டமும் நின்றது, நானும் அவனைத் தேடிப் போவதை நிறுத்தினேன்.

நான் ஓய்வு பெற்றபின், தொண்ணூறுகளில் ஒரு நாள், தொலைந்த என் அடையாள அட்டைக்கு மாற்று வாங்கப் பெட்டாலிங் ஜெயா அலுவலகம் ஒன்றில் வரிசையில் நின்றேன். "சார்!" என்று ஒரு குரல். முடி நரைத்திருந்தது. தோள் அப்படியே இருந்தது. கையில் சிவப்பு ஐசி, ஒரு தடித்த கோப்பு. பக்கத்தில் வளர்ந்த மகள்.

"இவருதாம்மா செகரட்டரி சார்" என்றான் மகளிடம். "அப்பாவுக்காக எவ்வளவு அலைஞ்சாரு தெரியுமா? அந்தக் காலத்துல இவரு மாதிரி யாரு செய்வா?"

மகள் எனக்குக் கைகூப்பினாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் கிள்ளானில் அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவனும் மனைவியும் உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் எப்போது வந்தது, யாரிடம் என்ன பொய் சொன்னேன், யார் கையெழுத்தை யார் போட்டது, துறைமுகத்துக்கு அவன் போய்விடுவான் என்று நான் பயந்தது வரை.

முடித்தபோது செங்கல் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எத்தன மணிக்கு சார் கூப்ட்டிருந்தாங்க?"

"ரெண்டு மணி."

அவன் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டான். "ரெண்டு மணின்னா மூனு மணிக்காவது விட்டிருப்பாங்க. தவுக்கேகிட்ட சொல்லியிருந்தா லோரி வாசல்ல நின்னிருக்கும். பஸ்ஸே வேணாம். நாலேகாலுக்குத் திடல்ல இருந்திருப்பேன் சார்." அவன் குரலில் கோபம் இல்லை. ஆட்டம் முடிந்தபின் விட்ட கோலைப் பற்றிப் பேசும் குரல் அது. "ரெண்டையும் புடிச்சிருப்பேனே சார்."

லோரியை நான் நினைக்கவே இல்லை. அந்தப் பருவம் முழுவதும் அதில் நின்றபடி போனவன் நான். பஸ்ஸை மட்டுமே கணக்குப் போட்டிருக்கிறேன்.

அவன் மனைவிக்குக் கோபம் இருந்தது. "இருவது வருசம்" என்றார். "ஒவ்வொரு தடவையும் பெர்மிட்டுக்கு இவரு முதலாளி முன்னால கைகட்டி நிக்கிறப்ப நான் பார்த்தேன். எங்க மக ஸ்கூல்ல 'அப்பா எந்த நாடு'ன்னு கேட்டாங்க. உங்களுக்கு ஒரு கப்பு."

மறுபடி விண்ணப்பம் போடுகிறார்கள் என்று தெரிந்ததால், படிவத்தைக் கொடுங்கள், நான் பார்க்கிறேன், எனக்குத் தெரிந்த அதிகாரிகள் இருக்கிறார்கள் என்றேன்.

"வேணாம்" என்றார் அந்த அம்மா. "மக எழுதுறா. அவளுக்கு நல்லா மலாய் வரும்."

செங்கல் எழுந்து வாசல்வரை வந்தான். கேட்டைத் திறந்துவிட்டான். நான் தெருவில் இறங்கிய பிறகு, எப்போதும்போல் "போயிட்டு வாங்க சார்" என்று சொல்வான் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவன் கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டு உள்ளே போனான்.